படித்தது முந்நூறு மரபுத்தொடர், புரியாதது ஒரு மின்னஞ்சல்

கேள்வி: ஐயா, வணக்கம். ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கிராமத்தில் தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்து, ஈரோட்டில் பி.காம். முடித்து, இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆங்கிலத்தில் ஓரளவு எழுத வரும். ஆனால் எங்களிடம் துணி வாங்கும் லண்டன் பையர் எழுதும்போதும் பேசும்போதும் சொல்லெல்லாம் தெரிந்த சொல்லாகவே இருக்கிறது, பொருள் மட்டும் பிடிபடுவதில்லை. அதற்காக முந்நூறு இடியம் (மரபுத்தொடர்) கொண்ட புத்தகம் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்தேன். அவற்றில் மூன்றைப் போட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு பையர் ‘நோட்டட்’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினார். எங்கள் மேனேஜர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். போன மாதம் பையரின் மடல் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் சாம்பிள் ரிஜெக்ட் ஆகிவிட்டது. இரண்டு மடல்களையும் பெயர்களை அழித்துவிட்டு இணைத்திருக்கிறேன். எத்தனை இடியம் படித்தால் போதும்? எப்படிப் படிக்க வேண்டும்? வீடியோ காலில் புரியாவிட்டால் என்ன செய்வது? அடுத்த மாதம் பையர் நேரில் வருகிறார், அவரிடம் எப்படிப் பேசுவது? கோவையில் ஒரு மையம் 30 நாளில் ஆயிரம் இடியம் கற்றுத் தருவதாகச் சொல்கிறது, சேரலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியில் பணம் சம்பந்தப்பட்டிருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த வகுப்பில் சேர வேண்டாம். ஏற்றுமதி நிறுவனப் பணியாளர்களுக்குப் பணியிட ஆங்கிலம் பயிற்றுவிப்பதே என் தொழில் என்பதால் இப்படிச் சொல்வது என் பிழைப்புக்குக் கொஞ்சம் ஆகாததுதான். ஆனாலும் நீங்கள் அனுப்பிய இரண்டு மடல்களையும் படித்த எவரும் உங்களுக்குக் குறைவது எண்ணிக்கை அன்று என்பதை உடனே கண்டுகொள்வார். நீங்கள் இடறிய தொடர்களில் ஒன்றுகூட அந்த முந்நூற்றில் இருந்திருக்காது, ஏனெனில் புத்தகம் போடுகிறவர்களுக்குச் சுவையாகத் தோன்றும் அளவுக்கு அவற்றில் எந்த வேடிக்கையும் இல்லை.

பையரின் மடலையே எடுத்துக்கொள்வோம். அவர் எழுதியிருப்பது இது: ‘தேங்க்ஸ் ஃபார் த ஹெட்ஸ்-அப் ஆன் த யார்ன் டிலே. ஐ ஆம் அஃப்ரெய்ட் த ஹேண்ட்ஃபீல் இஸ் ஸ்டில் எ பிட் ஆன் த ஹார்ஷ் சைட், ஸோ யூ மைட் வான்ட் டு லுக் இன்டு த சாஃப்ட்னர். ஹேப்பி டு கோ அஹெட் ஆன் த பிரிண்ட். இஃப் யூ குட் டர்ன் திஸ் அரவுண்ட் பை க்ளோஸ் ஆஃப் ப்ளே ஃப்ரைடே, தட் வுட் பி கிரேட். அட் த எண்ட் ஆஃப் த டே, இட்ஸ் த ஹேண்ட்ஃபீல் தட் செல்ஸ் திஸ் ஸ்டைல்.’

‘ஹெட்ஸ்-அப்’ என்றால் முன்கூட்டியே சொல்லிவைத்த தகவல்; நூல் வரத் தாமதமாகும் என்று நீங்கள் முன்னதாகத் தெரிவித்ததற்கு நன்றி சொல்கிறார், ஆகவே அந்தத் தாமதத்துக்காக அவர் இப்போதைக்குச் சண்டைக்கு வரவில்லை. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்பதில் பயம் எதுவும் கிடையாது. அடுத்து வரப்போவது உங்களுக்குப் பிடிக்காத செய்தி என்பதற்கான முன்னறிவிப்பு மட்டுமே அது. ‘எ பிட்’ என்பதைக் கொஞ்சம் என்று வாசித்து, கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டீர்கள். குறை சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் போடும் ‘எ பிட்’ குறையின் அளவைக் காட்டுவதைவிட, குறை சொல்ல நேர்ந்த கூச்சத்தையே அதிகம் காட்டும். துணி கைக்கு முரடாக இருக்கிறது, இதை ஏற்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன செய்தி. இடையில் ‘ஸ்டில்’ என்று ஒரு சொல் ஒளிந்திருப்பதையும் கவனியுங்கள்: முன்பே ஒருமுறை சொல்லியாயிற்று, இன்னும் சரியாகவில்லை என்ற மனக்குறை அதில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட உங்கள் கையைக் கடித்தது ‘யூ மைட் வான்ட் டு’ என்ற தொடர். விரும்பினால் பாருங்கள் என்று அதை எடுத்துக்கொண்டு, சாயப்பட்டறையில் துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரை மாற்றச் சொல்லாமல் பழைய ஃபினிஷிலேயே (இறுதிப் பதப்படுத்தலிலேயே) அடுத்த சாம்பிளை அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். வாங்குகிறவர் விற்கிறவருக்கு ‘யூ மைட் வான்ட் டு’ என்று எழுதும்போது விருப்பத்துக்கு அங்கே இடமே இல்லை. அது உங்களுக்கு வைக்கப்பட்ட வேலை. அதேபோல் ‘தட் வுட் பி கிரேட்’ என்பதும் பாராட்டாகத் தோன்றினாலும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியே ஆக வேண்டும் என்ற கெடுதான். இந்த மடலில் எழுதியபடியே பொருள் தருவது ‘ஹேப்பி டு கோ அஹெட்’ ஒன்று மட்டும்: பிரிண்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்த ஒப்புதல் பிரிண்டைத் தாண்டி ஃபினிஷுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

‘க்ளோஸ் ஆஃப் ப்ளே’ கிரிக்கெட்டிலிருந்து வந்த தொடர். அன்றைய ஆட்டம் முடியும் நேரம், அலுவலகத்தில் வேலைநேரம் முடிவதற்குள் என்று பொருள்படும். யாருடைய வேலைநேரம் என்பதுதான் கேள்வி. லண்டனில் மாலை 5.30 என்றால், அங்கே கோடை நேரம் நடக்கும் மார்ச் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை நமக்கு இரவு 10 மணி, மற்ற மாதங்களில் இரவு 11 மணி. நமது ஆறு மணியோடு கெடு முடிந்துவிட்டது என்று பயந்து அரைகுறையாக அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், மறுநாள் காலை அனுப்பினாலும் போதும் என்று இருந்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கடைசியாக ‘அட் த எண்ட் ஆஃப் த டே’ என்பதைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையா இன்று சாயங்காலமா என்று குழம்பியிருக்கிறீர்கள். அதற்கும் சாயங்காலத்துக்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்று நாம் சொல்வோமே, அதுதான்.

இப்போது நீங்கள் எழுதிய மடலுக்கு வருகிறேன். லேப் டிப், அதாவது சாய நிறத்தைக் காட்டும் மாதிரித் துணித்துண்டு, எப்போது வரும் என்று பையர் கேட்டிருந்தார். நீங்கள் ‘வி வில் லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட் அண்ட் பர்ன் த மிட்நைட் ஆயில் டு கில் டூ பர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்’ என்று பதில் எழுதினீர்கள். இதில் இலக்கணப் பிழை கிடையாது, மூன்று தொடர்களும் உண்மையான ஆங்கிலத் தொடர்கள்தாம். ஆனால் கேட்ட தேதி அதில் இல்லை. அவர் ‘நோட்டட்’ என்று எழுதியதற்குக் காரணம் உங்கள் ஆங்கிலம் அன்று, பதில் கிடைக்காததே. ‘த லேப் டிப் வில் ரீச் யூ ஆன் டியூஸ்டே’ என்ற, ஆறாம் வகுப்பு மாணவரும் எழுதக்கூடிய வாக்கியம் அந்த மூன்று தொடர்களைவிட உங்களுக்கு மதிப்பைத் தேடித் தந்திருக்கும். மேனேஜர் சிரித்ததை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாதக் கணக்கில் படித்ததை எங்கேயாவது எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருவதுதான்.

ஆங்கிலப் பேச்சையும் எழுத்தையும் கோடிக்கணக்கான சொற்களாகத் திரட்டிக் கணினியில் எண்ணிப் பார்த்த மொழியியலாளர்கள், அகராதிகளில் இடம்பெறும் மரபுத்தொடர்களில் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒரு முறைகூட வருவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். நம் பாடப்புத்தகங்களுக்கு மிகவும் பிடித்த ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ 1738-இலேயே ஜொனாதன் ஸ்விஃப்டின் எழுத்தில், அக்காலத்து மேட்டுக்குடி அரட்டையைக் கிண்டல் செய்யும் இடத்தில் வருகிறது; இன்று மழை கொட்டினால் லண்டன்காரர் பெரும்பாலும் ‘இட்ஸ் போரிங் டவுன்’ என்றுதான் சொல்வார். மாறாக ‘லுக் இன்டு’, ‘சார்ட் அவுட்’, ‘ஹோல்ட் ஆஃப்’, ‘சைன் ஆஃப்’, ‘சேஸ் அப்’, ‘கெட் பேக் டு யூ’ போன்ற நிறமற்ற தொடர்கள் ஒவ்வொரு மடலிலும் வரும். ‘ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் ஆன் பல்க்’ என்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று புரிந்துகொண்டு பல்க் கட்டிங்கை, அதாவது மொத்த ஆர்டருக்குத் துணி வெட்டுவதை, தொடங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தி வையுங்கள், நான் சொல்லும் வரை தொடங்காதீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

இத்தகைய தொடர்களைக் கற்பதற்கு நீங்கள் கொங்குநாட்டில் பிறந்தது ஒரு வசதி என்றே நினைக்கிறேன். ‘அந்தச் சாயத்த ஒருக்கா பாத்துருங்க’ என்று கம்பெனி முதலாளி சொன்னால், அந்த ‘ங்க’ வந்ததால் இது வேண்டுகோள்தான், கட்டளை அன்று என்று எந்தச் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருக்க மாட்டார். மரியாதை வினைமுற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேலை வேலையாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ‘யூ’ ஒன்றே என்பதால் அந்த மரியாதையை வாலில் ஒட்ட முடியாமல் அவர்கள் வாக்கியத்தின் தலையில் வைக்கிறார்கள்: ‘குட் யூ’, ‘வுட் யூ மைண்ட்’, ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’, ‘யூ மைட் வான்ட் டு’. இதைப் புரிந்துகொண்டால் பையரின் மடலில் அந்தத் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு எஞ்சியிருக்கும் வேலையை மட்டும் படிக்கும் பழக்கம் வந்துவிடும். நீங்கள் எழுதும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ‘ப்ளீஸ் சென்ட் த கமென்ட்ஸ் இம்மீடியட்லி’ என்பதில் ‘ப்ளீஸ்’ இருந்தும் அவர் காதில் அது ‘ங்க’ இல்லாத பேச்சாகவே விழும். ‘குட் யூ சென்ட் அஸ் த கமென்ட்ஸ் பை வெட்னஸ்டே, ஸோ தட் வி கேன் ஸ்டார்ட் கட்டிங் ஆன் தர்ஸ்டே?’ என்று எழுதினால் மரியாதையும் இருக்கும், தேதியும் இருக்கும், அவர் தாமதித்தால் யாருக்கு இழப்பு என்பதும் சொல்லாமலே தெரியும்.

தமிழ் அறிவு உதவுவதைப் போலவே ஓரிரு இடங்களில் காலை வாரியும் விடும். இந்தக் காலை வாருதலே ஓர் எடுத்துக்காட்டு: நமக்கு அது நம்பவைத்து ஏமாற்றுவது, ஆங்கிலத்தில் ‘புல்லிங் மை லெக்’ என்பது விளையாட்டுக்குக் கேலி செய்வது. என் வகுப்பில் இருந்த மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவர், விலையைக் கேட்டுவிட்டு பையர் சிரித்துக்கொண்டே ‘ஆர் யூ புல்லிங் மை லெக்?’ என்றதைத் துரோகக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கு விளக்க மடல் எழுதினார். இடம் அறியாமல் தொடரைப் போடுவதன் ஆபத்தும் தமிழை வைத்தே புரியும். ‘கிக் த பக்கெட்’ என்றால் இறந்துபோதல் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும். பையரின் தந்தை இறந்த செய்தி வந்தால் அதை எழுதுவது, எழவு வீட்டு வாசலில் நின்று பெரியவர் எப்போது மண்டையைப் போட்டார் என்று கேட்பதற்குச் சமம். அங்கே ‘ஐ ஆம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

அமெரிக்க பையர்களும் உங்களுக்கு இருப்பதாகத் தெரிகிறது. பொதுவாக விளையாட்டை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். ‘ஆன் த பேக் ஃபுட்’, ‘ஸ்டிக்கி விக்கெட்’ போன்றவை கிரிக்கெட் ஆங்கிலம், ஐ.பி.எல். பார்க்கும் வீட்டில் விளக்கமே வேண்டாம். ‘பால்பார்க் ஃபிகர்’, ‘டச் பேஸ்’, ‘கர்வ்பால்’ ஆகியவை பேஸ்பால் ஆங்கிலம். இவற்றில் ‘பால்பார்க்’ மட்டும் உங்களுக்குப் பணத்தைத் தொடும் தொடர், எனவே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்: உத்தேசமாக விலை எந்த அளவில் இருக்கும் என்று கேட்கிறார், காஸ்டிங் போட்ட இறுதி விலையைக் கேட்கவில்லை. ஒரே எண்ணைச் சொல்லிவிட்டால் அதுவே கடைசி வரை உங்கள் கழுத்தில் தொங்கும். 3.20 முதல் 3.50 டாலர் வரை என்பதுபோல் ஓர் இடைவெளியைச் சொல்லி, நூல் விலையைப் பொறுத்து மாறும் என்று சேர்த்துவிடுங்கள்.

ஒரே தொடர் இரண்டு நாட்டில் எதிரெதிராகப் பொருள்படுவதும் உண்டு. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்யலாம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போதே விவாதத்துக்கு எடுக்கலாம் என்று பொருள், அமெரிக்கர் சொன்னால் இப்போதைக்கு ஆறப்போடலாம் என்று பொருள். இரண்டாம் உலகப்போரின்போது இரு நாட்டுப் படைத்தலைமை அதிகாரிகளும் இந்தச் சொல்லால் நீண்ட நேரம், கசப்பாகவே, வாதிட்டுவிட்டு, இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே என்று பிறகு கண்டுகொண்டதைச் சர்ச்சில் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாம்பிளைப் பற்றி ‘குயிட் குட்’ என்று அமெரிக்கர் எழுதினால் மகிழலாம். பிரிட்டிஷ்காரர் எழுதினால் பரவாயில்லை என்ற அளவுதான், மேலும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. ‘ஃப்ரைடே வீக்’ என்பது வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி. ‘ஹாஃப் ஃபைவ்’ பிரிட்டனில் ஐந்தரை. ஆனால் ஜெர்மன் மொழியில் அதே அமைப்பில் உள்ள தொடர் நான்கரையைக் குறிக்கும் என்பதால் ஜெர்மன் பையரிடம் பேசும்போது 5.30 என்று எண்ணாகவே சொல்லுங்கள்.

ஜெர்மனி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. 1970-களின் இறுதியில் திருப்பூருக்கு ஏற்றுமதி வாசலைத் திறந்துவிட்டவர் என்று இங்கே பெரியவர்கள் சொல்வதே ஓர் இத்தாலிய வணிகரைத்தான். இன்றும் ஸ்பெயின், பிரான்ஸ், நெதர்லாந்து என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கும் நாம் நிறைய அனுப்புகிறோம். அவர்களும் நம்மைப் போலப் படித்து வந்தவர்கள்தாம். அவர்களுக்கு எழுதும் மடலில் மரபுத்தொடர் எதுவும் வேண்டாம். எதிர்முனையிலும் ஒருவர் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு ஆங்கிலத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ப்ரீபோன்’, ‘டூ த நீட்ஃபுல்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ ஆகியவற்றைப் பிழை என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தியர்களுக்குள் அவை நன்றாகவே புழங்குகின்றன. ஆனால் ‘வி வில் ரிவர்ட்’ என்பதை மட்டும் வெளிநாட்டுக்கு எழுத வேண்டாம். பதில் தருகிறோம் என்று நாம் எழுதுவதை, பழைய நிலைக்கே திரும்புகிறோம் என்று அவர்கள் படிக்கக்கூடும். ‘வி வில் ரிவர்ட் ஆன் த மெஷர்மென்ட்ஸ்’ என்பதைப் படித்துவிட்டு, திருத்திய அளவை விட்டுப் பழைய அளவுக்கே போகிறார்களோ என்று அங்கே ஒருவர் பதறுவது நியாயமே. ‘வி வில் கெட் பேக் டு யூ ஆன் த மெஷர்மென்ட்ஸ் பை மண்டே’ என்று எழுதுங்கள்.

எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் இன்பாக்ஸைத் திறங்கள். நான்கைந்து ஆண்டு மடல்கள் அதில் இருக்கும். உங்கள் தொழிலுக்கு, உங்கள் பையர்களுக்கு, உங்கள் ஸ்டைல்களுக்கு அதைவிடப் பொருத்தமான பாடநூலை யாராலும் எழுத முடியாது. மேலே உள்ள தேடல் கட்டத்தில் ‘லுக் இன்டு’ என்று அடித்துப் பாருங்கள். அந்தத் தொடர் வந்த மடல்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் திறந்து, யார் யாருக்கு எழுதியது, அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது, பையர் அடுத்து என்ன எழுதினார் என்று தொடர்ந்து படியுங்கள். ஐந்தாறு மடல்களில் அதன் பொருளும் எடையும் விளங்கிவிடும். அகராதி தருவது பொருளை மட்டும்தான். அந்தத் தொடர் வந்த பிறகு சாயப்பட்டறைக்குப் போன் போட்டீர்களா, கொரியர் அனுப்பினீர்களா, சும்மா இருந்து மாட்டிக்கொண்டீர்களா என்பதை உங்கள் மடல் இழைதான் சொல்லும்.

குறிப்பெடுக்க, எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) அட்டவணை எழுதும் நோட்டின் பின்பக்கமே போதும். தொடரைத் தனியாக எழுதாமல் வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதி, அதன் கீழே தமிழ்ப்பொருளுக்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். ‘கேன் யூ சேஸ் அப் த டிரிம்ஸ்?’ என்ற வாக்கியத்தின் கீழே, இன்றைக்கே பட்டன், லேபிள் சப்ளையர்களுக்குப் போன் செய்து வரும் தேதியைக் கேட்டு பையருக்கு எழுத வேண்டும் என்று இருக்க வேண்டும். துரத்துதல் என்று இருக்கக் கூடாது. அதன் பக்கத்தில், இதை நான் அவரிடம் திருப்பிச் சொல்லலாமா என்று ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றுக்கு இப்போதைக்கு இல்லை என்றே வரும். புரிந்துகொள்வதற்குக் கணக்கில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். நாமாக எடுத்துப் பேசுவதற்கு, பலர் பலமுறை நம்மிடம் சொல்லிக் காதுக்குப் பழகிப்போன தொடர்களை மட்டும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எத்தனை என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில்: ஆறு மாத மடல்களை இப்படிப் படித்தால் சில பத்துத் தொடர்களே திரும்பத் திரும்ப வருவதை நீங்களே காண்பீர்கள், அவைதாம் உங்கள் பாடத்திட்டம்.

மடலில் இல்லாத புதுத் தொடர் வந்தால் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் ஆகியவற்றின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருளோடு நின்றுவிடாமல், பேச்சுவழக்கு, பழைய வழக்கு, பிரிட்டிஷ் வழக்கு என்று பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கும் குறிப்பையும் படியுங்கள். உங்கள் புத்தகத்தில் இல்லாமல் போனது அந்தக் குறிப்புதான். காதுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் 1943-இலிருந்து ஆங்கிலம் கற்பித்து வரும் பி.பி.சி.யின் ‘த இங்கிலிஷ் வி ஸ்பீக்’ ஒலித்தொடர் இருக்கிறது, ஒரு பகுதிக்கு ஒரு தொடர்தான், சில நிமிடங்களில் முடிந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் போகும்போது கேட்கலாம்.

வீடியோ காலுக்கு வருகிறேன். அங்கே நாம் செய்யும் பெரிய தவறு புரியாமல் இருப்பது அன்று, புரியாதபோதும் ‘ஓகே, ஓகே’ என்று சொல்லிக்கொண்டிருப்பது. நம் ஊரில் ஒருவர் பேசப் பேசச் ‘சரிங்க, சரிங்க’ என்று சொல்வது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம். அதையே ‘ஓகே’ என்று மாற்றிச் சொல்லும்போது பையர் அதைச் சம்மதமாகக் குறித்துக்கொள்கிறார். பிறகு, நீங்கள் ஒப்புக்கொண்ட தேதி என்று மடல் வருகிறது. கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்ட ‘ஐ சீ’ போதும், அதில் சம்மதம் கிடையாது. புரியாத தொடர் வந்தால் ‘ரிப்பீட் ப்ளீஸ்’ என்று கேட்காதீர்கள், அவர் அதே தொடரை இன்னும் உரக்கச் சொல்வார், அவ்வளவுதான். உங்களுக்குப் புரிந்த வரையில் வேலையாக மாற்றிக் கேளுங்கள்: ‘ஜஸ்ட் டு பி க்ளியர், டூ யூ வான்ட் அஸ் டு ரீடூ த லேப் டிப்?’ ஆம் அல்லது இல்லை என்றுதான் அவர் பதில் சொல்ல முடியும், இரண்டில் எது வந்தாலும் உங்களுக்கு வழி தெரிந்துவிடும். கால் முடிந்த கையோடு, ‘ஆஸ் டிஸ்கஸ்ட்’ என்று தொடங்கி, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார், அதுவும் துணி வெட்டுவதற்கு முன்னால்.

நேரில் வரும்போது பேச்சு இன்னும் எளிதாக இருக்கும், ஏனெனில் முகமும் கையும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். காரிலிருந்து இறங்கியதும் ‘யூ ஆல் ரைட்?’ என்று அவர் கேட்டால் உங்களுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிப்பதாக நினைக்க வேண்டாம். சாப்டீங்களா என்று நாம் கேட்பதில் சாப்பாடு எவ்வளவு இருக்கிறதோ, அதில் நலவிசாரணை அவ்வளவே. ‘ஐ ஆம் குட், தேங்க்ஸ். ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?’ என்று சொன்னால் பேச்சு தானாக நடக்கும். தேநீர் கொடுத்ததும் ‘சியர்ஸ்’ என்பார், நன்றி என்று பொருள். மதியம் சாப்பிட அழைக்கும்போது ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ என்றால் இன்று வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிறார். நம் ஊர் உபசரிப்பில் மூன்று முறை வற்புறுத்துவதை அங்கே நிறுத்திக்கொள்ளலாம். சாம்பிள் ரூமில் ஒரு துணியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து ‘நாட் பேட் அட் ஆல்’ என்று சொன்னால் முகம் வாட வேண்டாம், பல ஆங்கிலேயர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டைக் கேட்பது கடினம். உடனே ‘ஷல் வி டேக் தட் அஸ் அப்ரூவ்ட்?’ என்று கேட்டு, அவர் ஊர் திரும்புவதற்குள் அந்த ஒப்புதலை ஸ்டைல் நம்பரோடு மடலில் வாங்கிவிடுங்கள்.